மூன்று மணிச் சிரிப்பு

நெஞ்சே, உன்னை ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல்: கண்ணெதிரே ஒரு பெண் அடிபட்டதைக் கண்டுவிட்டு, காணவில்லை என்று பொலிசுக்குச் சொன்ன அதே வாயால், மறுநாள் கோயிலில் தீர்த்தம் வாங்கிப் பருக உனக்கு எப்படி முடிந்தது? ஒன்பது மாதமாக நீ எனக்குள் இருந்துகொண்டே என்னோடு பேசாதிருக்கிறாய். இப்போது மூன்று மணி. தொலைக்காட்சியில் அந்த நகைச்சுவைத் தொடர் தொடங்குகிறது. சின்ன ஊர் ஒன்றின் நீதிமன்றம், மேசைக்கடியில் ஒளித்துவைத்துக் கச்சான் கடலை கொறிக்கும் நீதிபதி, எதை எடுத்தாலும் கைதவறிக் கீழே போடும் வழக்கறிஞர், அவர்கள் வாய் திறக்குமுன்பே எங்கிருந்தோ எழும் சிரிப்பு. யார் சிரிக்கிறார்கள் என்று ஒருநாளும் காட்டுவதில்லை. முன்பெல்லாம் அந்தச் சிரிப்பு என்னையும் இழுத்துக்கொண்டு போகும். இன்று அது சுவருக்கு அப்பால் யாரோ பாத்திரங்களைக் கொட்டுவதுபோல் கேட்கிறது. மடியில் கொப்பி திறந்திருக்கிறது. நாளை காலை பத்து மணிக்கு, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தின் உண்மையான நீதிமன்றத்தில், என் மகன் சுகந்தன் தன் மனைவி தர்சிகாவை அடித்துக் காயப்படுத்திய வழக்கில், மகனின் பக்கத்துச் சாட்சியாக நான் கூண்டில் ஏற வேண்டும். இன்று காலை வேலைக்குப் புறப்படும்போது சப்பாத்தின் நாடாவை இழுத்துக் கட்டியபடியே அவன் சொன்னான்: "நீங்கள் ஒண்டும் பெரிசாச் சொல்லத் தேவையில்லை அம்மா. குசினிக்குள்ளை நிண்டனான், காணேல்லை. அவ்வளவுதான். இங்கிலீசிலையே சொல்லுங்கோ. மொழிபெயர்க்கிற இன்ரபிறற்றர் வேண்டாமெண்டு லோயர் எழுதிக் குடுத்திட்டார்." நான் தலையசைத்தேன். தலை எவ்வளவு இலகுவாக அசைகிறது.

இந்தக் கொப்பி தர்சிகா தந்தது. பேக்கரியில் விடியற்காலை வேலையை முடித்து இரண்டு மணிக்கு வீட்டுக்கு வருவாள்; உடையில் வெண்ணெய் மணம் இருக்கும். மூன்று மணிக்கு நாங்கள் இருவரும் இந்த நீலச் சோபாவில். தொலைக்காட்சியில் அந்நேரம் வேறு ஒன்றும் போவதில்லை, ஆகவே இந்த நீதிமன்றத் தொடர்தான் என் ஆங்கிலப் பள்ளிக்கூடம். வைத்தியரிடம் மகனைக் கூட்டிக்கொண்டு போகாமல் தனியே போய்வர வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு வேண்டிய சொற்கள் வேறு, இங்கே வந்த சொற்கள் வேறு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் நான் எழுதுவேன், வலப்பக்கம் பொருளை அவள் எழுதுவாள். விற்னஸ், சாட்சி. எலிபை, அந்நேரம் நான் அங்கே இல்லை என்று காட்டுவது. அக்கியூஸ்ட், குற்றம் சாட்டப்பட்டவர். "சந்தைக்குப் போறதுக்கு இதிலை ஒரு சொல்லும் வராது மாமி," என்பாள், "ஆனா ஆரையும் கொலை செய்தால் வடிவாத் தப்பலாம்." தடுப்பூசி போட்ட நாள் நினைவிருக்கிறதா நெஞ்சே? ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று தாதி கேட்க, நான் நிமிர்ந்து நின்று "நொட் கில்ட்டி", குற்றவாளி அல்ல, என்றேன். தாதி திகைத்துப் போனாள். தர்சிகா சிரிப்பை அடக்கமாட்டாமல் அந்த மருந்து மணக்கும் தரையிலேயே குந்திவிட்டாள். "நீங்கள் வழக்கிலை வெண்டிட்டியள் மாமி, வாங்கோ போவம்." வீடு வரும்வரை பேருந்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதும் சிரிப்பதுமாக வந்தோம். எனக்கு மகள் இல்லை. அன்று இருந்தாள். தொடரில் மிஸிஸ் வில்லபி என்றொரு கிழவி வருவாள். எந்த வழக்கானாலும் அவளே சாட்சி; வேலிக்கு மேலால் எல்லாவற்றையும் எட்டிப் பார்த்திருப்பாள். ஆனால் கூண்டில் ஏறியதும் தொப்பியைச் சரிசெய்து, கண்ணிமைகளைத் தாழ்த்தி, ஒரே வசனத்தைச் சொல்வாள்: நான் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன், கனவானே, எதையும் காணவில்லை. அது பொய்யென்று நீதிபதிக்கும் தெரியும், பார்ப்பவர்களுக்கும் தெரியும், அதற்காகவே அந்தச் சிரிப்பு வெடிக்கும். தர்சிகா ஒரு துவாய்த் துண்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவளைப்போலவே நடித்துக் காட்டுவாள். நான் திருப்பிச் சொல்வேன். ஆங்கிலத்தில் திக்காமல், இடறாமல் முழுதாக எனக்கு வந்த முதல் வசனம் அதுதான்.

அது மாசி மாதத்துச் சனிக்கிழமை. பால்கனியில் முழங்காலளவு பனி. அடுப்பில் பருப்பு. மருந்துக்கடை உதவியாளர் படிப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று தர்சிகா சொன்னாள், அவ்வளவுதான். "ஆரைக் கேட்டனீ?" என்றான் சுகந்தன். "ஏன் கேக்கவேணும்? என்ரை வேலைநேரம் மாறாது, சமையலும் மாறாது," என்றாள் அவள். நான் குசினி வாசலில் அகப்பையோடு நின்றேன், எனக்கும் அவர்களுக்கும் இடையே இரண்டு கை நீளம். அவன் கை ஓங்கியதைக் கண்டேன். அது இறங்கியதைக் கண்டேன். அவள் தலை கதவின் விளிம்பில் பட்டதைக் கண்டேன், காதருகே ஒரு சத்தம், பிறகு அவள் கழுத்து வழியே இறங்கிய மெல்லிய சிவப்புக் கோடு. அப்போது நான் என்ன செய்தேன்? அடுப்பை அணைத்தேன். ஆம் நெஞ்சே, பருப்பு அடிப்பிடித்துவிடும் என்று திரும்பிப் போய் அடுப்பை அணைத்தேன். பத்து விநாடி இருக்கும். அந்தப் பத்து விநாடிக்குள் இன்னொரு அடியின் சத்தம். அதைக் காணவில்லைதான். கேட்டேன். பெயர் தெரியாத பக்கத்து வீட்டுக்காரன் பொலிசை அழைத்திருக்கிறான். என் மொழி தெரியாதவன், சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தவன். இளம் பொலிஸ் பெண் ஒருத்தி வந்து, என்னைத் தனியே நிறுத்தி, தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டாள். உடனே எனக்குள் குகநேசனின் குரல் ஒலித்தது. கோயில் நிர்வாகசபைச் செயலாளர், வெள்ளிக்கிழமைகளில் ஒலிபெருக்கியில் அர்ச்சனைக்காரரின் பெயரும் நட்சத்திரமும் வாசிப்பவர், நீதிமன்றங்களுக்கும் பொலிசுக்கும் மொழிபெயர்ப்பவரும் அவரே. நல்ல மனிதர். ஆயினும் என் வீட்டின் நட்சத்திரம் தெரிந்த அந்தக் குரலுக்கு அதன் அழுக்கும் தெரிந்துவிடுமே! வியாழக்கிழமைதோறும் பெண்களுக்கு நற்சிந்தனை சொல்லும் இந்தத் தவமலர் ரீச்சரின் வீட்டில் இப்படி என்று! வேண்டாம் என்றேன். நீங்கள் என்ன கண்டீர்கள் என்றாள் அவள். நெஞ்சே, உலகத்தில் உள்ள ஆங்கிலமெல்லாம் என்னைக் கைவிட்டது. ஒன்றே ஒன்று திக்காமல் வந்தது. நான் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன், எதையும் காணவில்லை. பொலிஸ் பெண் கண்ணாடிக் கதவு வழியே பனியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள். தர்சிகா காதில் துணியை அழுத்தியபடி சோபாவில் இருந்தாள். அந்த வசனத்தை அடையாளம் கண்டுகொண்டவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான். அவள் அழவில்லை. வகுப்பில் தனக்கு மிகப் பிடித்த ரீச்சர் வேறொரு பிள்ளையின் குற்றத்துக்குத் தன்னை எழுப்பி நிறுத்தும்போது ஒரு சிறுமி பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

திரையில் இப்போது விளம்பரம். ஒரு குடும்பமே பல் தெரியச் சிரித்துக்கொண்டு சூப் குடிக்கிறது. இருபத்தாறு ஆண்டு சமயபாடம் படிப்பித்தவள் நான். என் கதைகளுக்காகப் பிள்ளைகள் மணியடித்த பிறகும் இருப்பார்கள். ஐந்து வீட்டுப் பொதுக்கிணற்றில் வழிதப்பி வந்த கன்று ஒன்று விழுந்த கதையைச் சொல்வேன். அது அலறியதை ஐந்து வீட்டாரும் கேட்டார்கள். ஒவ்வொருவரும் தத்தம் கொட்டிலுக்கு ஓடித் தங்கள் கன்று நிற்பதைக் கண்டு நிம்மதியாகப் படுத்துக்கொண்டார்கள். விடிந்தபோது குடிக்க நீரில்லை. பிறர் துன்பத்துக்குச் செவி சாய்க்காதவன் தன் கிணற்றைத் தானே கெடுத்துக்கொள்கிறான், பிள்ளைகளே, என்று முடிப்பேன். ஒருமுறை பின்வாங்கில் இருந்த ஒருத்தி எழுந்து, "ரீச்சர், கண்டுக்குட்டி செத்துப்போச்சோ?" என்றாள். "அதில்லைப் பிள்ளை கதை," என்று இருத்திவிட்டேன். இருபத்தாறு ஆண்டுகள் நான் தண்ணீரைப் பற்றியே பேசியிருக்கிறேன். அந்தக் கன்று எவ்வளவு நேரம் நீந்தியது என்று நான் நினைத்ததே இல்லை. மணமான இரண்டாம் மாதம் தர்சிகாவின் மணிக்கட்டில் நீலம் கண்டிருந்தது. அப்போதும் நான் கதைதான் சொன்னேன். திரி தன்னை எரித்துக்கொண்டால்தான், பிள்ளை, வீட்டில் வெளிச்சம், பொறுத்துப்போ என்றேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள்: "திரி எரிஞ்சு முடிஞ்சால் என்ன செய்வியள் மாமி? புதுத் திரி போடுவியள், என்ன?" நான் அதைத் துடுக்கென்று எண்ணிச் சிரித்தேன். போன கிழமை சுகந்தன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "கேஸ் முடியட்டும் அம்மா. ஊரிலை நல்ல இடமாப் பாப்பம். வாய் காட்டாத பிள்ளையா." நான் அவனுக்கு இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினேன். எங்கோ வவுனியாவிலோ வல்வெட்டித்துறையிலோ ஒரு பெண் இந்நேரம் தலை பின்னிக்கொண்டிருப்பாள். நாளை நான் சொல்லப்போகும் ஒரு வசனம் அவளை இந்தக் கதவு விளிம்புக்கு அழைத்துவரும். அதற்கு விமானச் சீட்டு எடுப்பவன் அவன், வழி திறந்துவிடுபவள் நான்.

அவன் என் மகன். இதையும் நீ கேட்டாக வேண்டும் நெஞ்சே, பாதியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாதே. காய்ச்சலில் கிடந்தால் இன்றும் என் தலையணையருகே விடியும்வரை இருப்பவன். முதல் பனியில் நான் வழுக்கி விழாமலிருக்க ஆறு கடைகள் ஏறியிறங்கி எனக்குச் சப்பாத்துத் தேடியவன். அந்தக் கை எனக்குக் கோட்டுப் பித்தான் பூட்டிவிடும் கை. அது எப்படி இதையும் செய்தது என்று எத்தனை நாள் யோசித்தேன். யோசனை ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் வந்து தடுக்கி நின்றுவிடும், அங்கிருந்து வேறு எங்காவது பார்ப்பேன், பருப்பை, பனியை, திரையை. இன்று பார்க்கிறேன். ஊரில், கரவெட்டி வீட்டில், நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு நாலு வயதுப் பிள்ளை. இவன் தகப்பன் என்னை அடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பிள்ளை வெளியே வந்து என் கன்னத்தைத் தொட்டு, "அப்பா ஏன் அம்மா அடிச்சவர்?" என்றான். நான் சேலைத்தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பா பகிடிக்கு அடிச்சவர் ராசா," என்றேன். சொல்லிவிட்டு, வெறும் விளையாட்டுத்தான் என்பதுபோல் சிரித்தும் காட்டினேன். பிள்ளை என் முகத்தை நெடுநேரம் பார்த்தது. அழுவதா சிரிப்பதா என்று அதற்குத் தெரியவில்லை. நான் சிரிப்பதைக் கண்டு அதுவும் சிரித்தது. அடுத்த முறையும் பகிடி. அதற்கடுத்த முறை அவனே கேட்டான், "இதுவும் பகிடியோ?" பிறகு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். அந்தப் பொலிஸ் பெண்ணிடம் நான் சொன்னது என் முதலாவது பொய்ச்சாட்சியம் அன்று நெஞ்சே. முதலாவதை நெல்லு மூட்டைகளின் அருகே, எனக்கிருந்த ஒரேயொரு நீதிபதியிடம் சொன்னேன். அவன் நம்பினான். நான் அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அடிக்குப் பின்னால் சிரிப்பொலி சேர்த்துக் கொடுத்தவள் நான். இப்போது திரையில் மிஸிஸ் வில்லபி கூண்டில் ஏறுகிறாள், தொப்பியைத் தொடுகிறாள், அவர்கள் சிரிக்கிறார்கள், அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குள்ளேயே சிரிக்கிறார்கள். நிறுத்துங்கள். நான் தொலைவியக்கியை அழுத்தி ஒலியை அணைக்கிறேன். ஒலியற்ற திரையில் அவள் வாய் அசைகிறது. சிரிப்பை எடுத்துவிட்டால் அங்கே பயந்துபோன ஒரு கிழவிதான் நிற்கிறாள்.

ஐப்பசியில் தர்சிகாவைக் கண்டேன். தமிழ்க்கடையில், கீரைக்கட்டுகளுக்கு முன்னால். மெலிந்திருந்தாள். சிநேகிதி ஒருத்தியின் வீட்டு நிலவறையில் இருப்பதாகக் கேள்வி. "தர்சிகா," என்றேன். அவள் முருங்கைக்கீரையைப் புரட்டினாள். "பிள்ளை," என்றேன், இன்னும் நெருங்கி. அவள் திரும்பவே இல்லை. கீரைக்கட்டைக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். வெறுக்கிறாள், வெறுக்கட்டும், எனக்கு வேண்டியதுதான் என்று எண்ணியபடி பேருந்தில் ஏறினேன். மூன்றாவது தரிப்பிடத்தில்தான் உறைத்தது: நான் நின்றது அவளுடைய இடப்பக்கம். அந்தக் காதில் இனி எதுவும் கேட்காது என்று வைத்தியர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வெறுப்பாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! பேருந்தில் எல்லோரும் பார்க்க அழுதேன். நாளை அவளும் அந்த மண்டபத்தில் இருப்பாள், நல்ல காதை என் பக்கம் திருப்பியபடி. அவள் சொல்வதற்கு வேறு சாட்சியில்லை. பக்கத்து வீட்டுக்காரன் சத்தத்தைக் கேட்டான், கையைக் காணவில்லை. கண்டவள் நான் ஒருத்தி. நான் காணவில்லை என்றால் அவள் பொய்காரி. ஒரு காதையும் இழந்து, பொய்காரி என்ற பெயரையும் சுமந்துகொண்டு அவள் இந்த நகரத்துத் தமிழ்க்கடைகளில் நடக்க வேண்டும்.

இதற்காகவா நெஞ்சே ஒன்பது மாதம் நான் சொல் படித்தேன்? அவள் போன பிறகும் நாள்தோறும் மூன்று மணிக்கு இங்கே இருந்து, பொருளை அகராதியில் தேடி, வலப்பக்கத்தையும் நானே நிரப்பினேன். கிறொஸ் எக்ஸாமினேஷன், குறுக்கு விசாரணை. பேர்ஜுரி, சத்தியம் செய்து சொன்ன பொய். எதற்கு? ஆங்கிலத்தில் பொய் சொல்வது எனக்குப் பொய்யாகவே படவில்லை, அதற்கு. அந்தச் சொற்கள் என் நாக்கில் கண்ணாடிக் கோலிகள்போல் உருளுகின்றன. அவற்றில் எனக்குப் பசி எடுத்ததில்லை, நான் பிள்ளை பெற்றதில்லை, கடவுளைக் கூப்பிட்டதில்லை. ஆனால் "நான் காணேல்லை" என்று தமிழில் சொல்லிப் பார்க்கிறேன், இந்த வெறும் அறையில், சொல்லிப் பார்க்கிறேன், முதல் எழுத்திலேயே கையால் வாயைப் பொத்திக்கொள்கிறேன். ஆகவேதான் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றோம். குகநேசன் ஊருக்குச் சொல்லிவிடுவார் என்பது சாக்கு. அவர் அருகில் நின்று என் சொல்லை என் மொழியில் கேட்டால் என்னால் பொய் சொல்ல இயலாது என்பதே மெய். எந்த மொழியில் பொய் சொல்ல உன் வாய் கூசுகிறதோ அந்த மொழியில் சாட்சி சொல். ஊர் பேசும். வெள்ளிக்கிழமை என்னைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். வியாழக்கிழமைகளில் இனி யாரும் என்னை நற்சிந்தனைக்கு அழைக்கமாட்டார்கள். மகன் சிறைக்குப் போகலாம்; போனால் நான் இந்த வீட்டில் ஒரு கோப்பைக்கு மட்டும் தேநீர் வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போவேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அடுத்த ஞாயிறும் போவேன். தகப்பன் அடித்தது பகிடிக்கு அல்ல ராசா, நான் உனக்குப் பொய் சொல்லிவிட்டேன் என்று, அவன் கேட்கும்வரை சொல்வேன். அவனுக்கு நான் செய்யக்கூடிய தாய்மை இனி அது ஒன்றுதான்.

நாளைக்குச் சொல்லலாம் என்கிறாய், கூண்டில் ஏறிய பிறகு. அந்தத் தந்திரம் எனக்குத் தெரியும். நாளை காலை அவன் எனக்குக் கதவு திறந்துவிடுவான், காரில் என் பக்கத்துச் சூட்டைக் கூட்டிவிடுவான், ஒருமுறை "அம்மா" என்பான். நீ கரைந்துவிடுவாய். இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் கரையாமல் இருந்ததில்லை நீ. ஆகவே நாளை வேண்டாம். மணி மூன்றரை. அவன் வேலை முடிந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்தப் பொலிஸ் பெண் தந்துபோன அட்டை என் கைப்பையில், மருந்துச் சீட்டுகளுக்கு இடையே இருக்கிறது; எண் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. எழு நெஞ்சே. கொப்பியை மூடு. அட்டையை எடு, எண்ணை அழுத்து. எடுத்தவுடன் "தமிழ்" என்று ஒரு சொல் சொல், போதும், மொழிபெயர்க்க ஆளைப் பிடித்துத் தருவார்கள். யார் குரல் வந்தாலும் துண்டிக்காதே. குகநேசனே வந்தாலும் துண்டிக்காதே. "அண்ணை, நான் தவமலர் கதைக்கிறன். நான் கண்டனான். எல்லாத்தையும் கண்டனான்," என்று தொடங்கு. மீதி வரும். ஒருத்தி ஒன்பது மாதமாகக் காத்திருக்கிறாள். இன்னொருத்திக்குத் தான் தப்பவேண்டியிருக்கிறது என்பதே தெரியாது. இன்றைக்கு, இந்த மணிக்குள், அழை.